புரட்டாசியில் தொடங்க வேண்டிய வேலை: புயலுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டை ஆயத்தப்படுத்தும் முறை

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் குடியிருப்பவர்களுக்குப் புயலும் வெள்ளமும் எதிர்பாராமல் வருபவை அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் அவை பெரும்பாலும் வருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரையும் புதுச்சேரியையும் தாக்கிய தானே புயல், 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வந்த வெள்ளம், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம், அதே மாதத்தில் தூத்துக்குடியையும் நெல்லையையும் மூழ்கடித்த மழை, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் என இவை அனைத்தும் அந்த மூன்று மாதங்களுக்குள் அடங்கியவையே. ஆகவே ஆயத்த வேலைகளைப் புரட்டாசி மாதத்தில், செப்டம்பர் பிற்பகுதியில், தொடங்கிவிடுவது நல்லது. புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டுச் செய்தியில் வந்த பிறகு கடைக்குச் சென்றால் மெழுகுவர்த்தியும் தண்ணீர் கேனும் பால் பாக்கெட்டும் கிடைப்பது அரிது. எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ மரம் வெட்டுபவரோ அந்த நேரத்தில் அழைத்தவுடன் வரமாட்டார்கள்.

எதை முதலில் செய்வது என்று குழம்பினால், மின்சாரத்திலிருந்து தொடங்கி யோசிக்கலாம் என்பது என் கருத்து. மேற்சொன்ன ஒவ்வொரு பேரிடரிலும் முதலில் நின்றது மின்சாரம்தான். அது நின்றதும் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. ஓரிரு நாளில் செல்போன் கோபுரங்களும் அடங்கும், ஏடிஎம் இயங்காது, போனில் பணம் அனுப்ப முடியாது, அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிடும். கஜாவுக்குப் பிறகு டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. எனவே, ஒரு வாரம் மின்சாரம் இல்லாமலும் முதல் மூன்று நான்கு நாட்கள் தெருவில் இறங்க முடியாமலும் இந்த வீட்டில் இருக்கும் எல்லோரும் எப்படி வாழ்வோம் என்ற கேள்வியைக் குடும்பமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டால், செய்ய வேண்டியவை தாமாகவே புலப்படும்.

தண்ணீர் எந்த வழியாக வரும்

வீடு எந்த உயரத்தில் இருக்கிறது, மழைநீர் எங்கிருந்து வந்து எந்தப் பக்கம் வடிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அடிப்படை. புதிதாகக் குடிவந்தவர்கள் எதிர்வீட்டுப் பெரியவரிடமோ மூலையில் உள்ள மளிகைக் கடைக்காரரிடமோ, "2015-ல் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது?" என்று கேட்டால் போதும், கையால் காட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த மட்டத்தை வீட்டுக்குள் ஒரு சுவரில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். மின்மீட்டர், பிளக் பாயின்ட், இன்வெர்ட்டர் பேட்டரி, பீரோவின் கீழ்த்தட்டு, அரிசி டிரம் ஆகியவற்றில் எவையெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன என்று பார்த்தால், வேலை எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

தங்கள் தெருவில் மழை பெய்யாவிட்டாலும் வெள்ளம் வரக்கூடும் என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றின் கரைகளை மூழ்கடித்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நிரம்பித் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் பாதிக்கப்பட்டன. ஆற்றங்கரையிலோ ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழேயோ வீடு இருந்தால், உங்கள் ஊர் மழை அளவைப் பார்ப்பது மட்டும் போதாது. மேலே உள்ள அணை அல்லது ஏரியின் நீர்மட்டத்தையும், உபரிநீர் திறப்பு பற்றிய ஆட்சியர் அலுவலக அறிவிப்பையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மொட்டை மாடி, மரம், மின்சாரம்

மொட்டை மாடியில் மழைநீர் வெளியேறும் துளையைக் குனிந்து, கையை விட்டுப் பாருங்கள். வேப்பிலைச் சருகும், பழைய துணியின் நூலும், காக்கை கொண்டுவந்து போட்ட எலும்புத் துண்டும், தொட்டி மண்ணும் சேர்ந்து ஒரு கெட்டியான அடைப்பாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் துளை திறந்திருப்பதுபோலவே தெரியும். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 9 டன்னுக்கும் அதிகம். பழைய கான்கிரீட் தளம் ஒழுகுவதற்கு அந்தச் சுமையே காரணமாகிவிடும். அடைப்பை அகற்றிய பின் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது கீழே குழாய் வழியாகத் தடையின்றி வெளியேறுகிறதா என்று ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும்.

காற்றில் பறக்கக்கூடிய எதையும் மாடியில் விடக்கூடாது. பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, உதிரித் தகரம், மீதமான செங்கல் ஆகியவை மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் அடுத்த வீட்டு ஜன்னலுக்கு ஆபத்தாகும். டிஷ் ஆன்டெனாவின் போல்ட்டுகளை முறுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் புயலுக்கு முன் நிரப்பி வைப்பதால் இரட்டைப் பயன் உண்டு: தண்ணீரும் கிடைக்கும், எடையால் தொட்டியும் இடம்பெயராது. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையாக இருந்தால் ஜே போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்து மாற்றுங்கள். ஓட்டுக் கூரையில் நழுவிய ஓடுகளைச் சரிசெய்யுங்கள். வீட்டின் மீதோ மின்கம்பியின் மீதோ சாய்ந்திருக்கும் கிளைகளைப் புரட்டாசியிலேயே கழித்துவிட வேண்டும். முருங்கை சிறு காற்றுக்கே முறியும். தென்னையில் காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும். கம்பிக்கு அருகில் உள்ள கிளையை நாமே வெட்டக்கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ல் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தி வெட்டச் செய்ய வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு செய்தியை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் வீட்டில் மின்சாரமே இல்லை என்று எண்ணுகிறோம். ஆனால் மெயின் அணைந்த அந்த நொடியிலேயே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு, அதனுடன் இணைந்த சுவிட்ச் பலகைகளுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். தரையில் தண்ணீர் நிற்கும்போது இது உயிருக்கு ஆபத்தானது. எனவே மெயினை அணைத்த பின் இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடிப்படிக்கு அடியில் தரையோடு வைக்கப்பட்டிருந்தால், சுவரில் வரைந்த கோட்டுக்கு மேலே இரும்புத் தாங்கி அமைத்து உயர்த்திவிடுங்கள். மின்கசிவால் உயிர் போகாமல் காக்கும் ஆர்சிசிபி என்ற கருவி பலகையில் இல்லையென்றால், இந்த ஆண்டு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றாலும் அதையே செய்யுங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. தண்ணீர் உள்ளே வரும் அறிகுறி தெரிந்தவுடனேயே, தரை உலர்ந்திருக்கும்போதே, அணைத்துவிட வேண்டும்.

குடிநீரும் உணவும்

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் தேவை. நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. கழிவறைக்கும் கழுவுவதற்கும் வேண்டிய தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு அண்டா, டிரம், வாளி என்று வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரங்களையும் மழைக்கு முந்தைய நாளே நிரப்பி மூடிவைக்க வேண்டும்.

பெருவெள்ளத்தில் மிகுதியாக ஏமாற்றுவது தரைக்கு அடியில் உள்ள சம்ப். முழுவதும் நிரம்பியிருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். தெருத் தண்ணீர் ஏறும்போது இரும்பு மூடியின் இடுக்கு வழியாகச் சாக்கடை கலந்த நீர் உள்ளே இறங்கிவிடும், மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கினால் ஓரளவு தடுக்கலாம். என்றாலும் வாசலில் தண்ணீர் ஏறிய வீட்டில், சம்பை இறைத்துக் கழுவும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றவோ கூடாது. ஆகவே மழை வலுக்கும் முன்பே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடுங்கள். தரைத்தளக் கழிவறையில் கழிவுநீர் எதிர்த்து ஏறுவதுண்டு; மணல் நிரப்பிய பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கழிவறைக் கோப்பைக்குள் அழுத்தி வைப்பதும், குளியலறைத் தரைத்துளையைத் துணியும் கல்லும் வைத்து அடைப்பதும் பயன் தரும்.

உணவைப் பொறுத்தவரை நம் சமையலறையே பெரும் துணை. அவல், பொரி, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், சத்துமாவு, வெல்லம், பேரீச்சம்பழம் ஆகியவை அடுப்பே இல்லாமல் பசியாற்றும். அவலைத் தண்ணீரில் நனைத்து வெல்லமும் தேங்காயும் சேர்த்தால் குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடுவார்கள். அரிசி, பருப்பு, ரவை, சேமியா, எண்ணெய், புளி, உப்பு, ஊறுகாய் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு கோட்டுக்கு மேலே உள்ள பரணில் வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவைப் பெருமளவில் அரைத்து வைப்பது இந்த நேரத்துக்கு ஏற்றதல்ல; குளிர்சாதனப் பெட்டி நின்றால் மறுநாளே புளித்துப்போகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பால் பவுடர், நாப்கின், மாற்றுத் துணி ஆகியவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். இரண்டாவது சிலிண்டரை அக்டோபரிலேயே நிரப்பி வாங்குங்கள். தண்ணீர் உள்ளே ஏறினால் ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை உயரத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை மூடிய அறையிலோ பால்கனியிலோ இயக்கக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மருந்து, ஆவணம், பணம்

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய், வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உட்கொள்பவர்கள் மழைக்காலம் முழுவதும் குறைந்தது மூன்று வார மருந்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் மின்சாரம் நின்றதும் பதற வேண்டியதில்லை. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 25 முதல் 30 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் ஏறத்தாழ 4 வாரம் கெடாமல் இருக்கும். கார்த்திகை மழையின் குளிர்ச்சியில், பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள் வைத்தால் போதும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், பிரசவத் தேதி நெருங்கியவர்களும், ஆக்சிஜன் கருவி தேவைப்படுபவர்களும் மட்டும் வேறு வகை. இவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு வெள்ளத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளிலேயே மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆவணங்களை நம் வீடுகளில் பீரோவின் அடித்தட்டு லாக்கரில் வைப்பது வழக்கம். வெள்ளத்தில் முதலில் நனைவது அந்த இடமே. மூலப்பத்திரம், பட்டா, குடும்ப அட்டை, ஆதார், கல்விச் சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை நீர்புகாப் பைகளில் இட்டு, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரே பையில் வையுங்கள். இவற்றுள் குடும்ப அட்டைக்கு இங்கே தனி மதிப்புண்டு. மிக்ஜாமுக்குப் பிறகு அரசு அளித்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாகவே குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்டது. எல்லாவற்றையும் படமெடுத்து டிஜிலாக்கரிலும், வெளியூரில் உள்ள உடன்பிறந்தவரின் போனிலும் சேமியுங்கள். பணத்தை 50, 100 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை தர யாராலும் முடியாத நாட்கள் அவை.

காப்பீட்டைப் பற்றியும் மழைக்கு முன்பே விசாரிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கும் புயலுக்கும் பொருந்தும். காருக்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினைப் பழுதுபார்க்கும் செலவைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. சென்னையில் மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பது அந்த அனுபவம் கற்றுத்தந்ததுதான். மேம்பாலத்தை நம்புவதைவிட, மேடான பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டு வாசலை முன்கூட்டியே கேட்டுவைப்பது மேல்.

அறிவிப்பைப் படிப்பதும் வெளியேறுவதும்

வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதி கனமழை என்றால் அதற்கும் மேல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அதி கனமழை என்ற சொல்லுக்கு மேல்வரம்பு கிடையாது. மஞ்சள் எச்சரிக்கையின்போது கவனியுங்கள், ஆரஞ்சுக்கு ஆயத்தமாகுங்கள், சிவப்புக்குச் செயலில் இறங்குங்கள். டிஎன் அலர்ட் செயலியைப் போனில் வைத்துக்கொள்வதோடு, இணையம் நின்றால் கேட்பதற்கு பேட்டரியில் இயங்கும் ஒரு ரேடியோவும் இருக்கட்டும். பொது அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களையும் உறவினர்களின் எண்களையும் காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். போன் அணைந்துபோனால் அதில் சேமித்த எண் எதுவும் நினைவில் இருக்காது. பேச்சுத் தொடர்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி சென்றுவிடும். திருச்சியிலோ மதுரையிலோ உள்ள ஓர் உறவினரைத் தேர்ந்து, பிரிந்துபோனவர்கள் அனைவரும் அவருக்கே தகவல் சொல்வது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதை வெயில் அடிக்கும் நாளிலேயே பேசி முடிக்க வேண்டும். மழை நாளில் பேசினால், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்பதே ஒவ்வொரு மணிக்கும் விடையாக இருக்கும்; நள்ளிரவில், இடுப்பளவுத் தண்ணீரில், பாட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது. உதாரணமாக, தண்ணீர் வாசற்படியின் இரண்டாவது படியைத் தொட்டாலோ, ஆற்றில் உபரிநீர் திறப்பு அறிவிக்கப்பட்டாலோ, பகல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவது என்று வைத்துக்கொள்ளலாம். கூரை வீட்டிலோ பழைய ஓட்டு வீட்டிலோ இருப்பவர்கள், கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உள்ளவர்கள், புயல் கரையைக் கடக்கும் முன்பே அரசு முகாமாக அறிவித்த பள்ளிக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ சென்றுவிட வேண்டும். கிளம்பும்போது தொழுவத்தில் உள்ள மாடு, ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டுண்ட கால்நடைகளால் தப்பிக்க முடியாது. முழங்கால் அளவுக்கு ஓடும் நீர் வளர்ந்த ஆளையே தள்ளிவிடும், இரண்டடி நீர் காரை மிதக்கவைத்துவிடும் என்பதால், தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது ஒருவரும் இறங்கக்கூடாது. நடந்தே ஆக வேண்டுமென்றால் நீண்ட கம்பால் முன்னே தட்டிப் பார்த்து, திறந்த சாக்கடைக் குழிகளைத் தவிர்த்து நடங்கள்.

வீட்டிலேயே இருப்பவர்கள் காற்று வீசும்போது ஜன்னல்களிலிருந்து விலகி உள்ளறையில் இருக்க வேண்டும். புயலின் மையமான கண்பகுதி கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கிவிடும். புயல் முடிந்தது என்று வெளியே வந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்துடன் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆட்டங்கண்டு நின்ற மரமும் சுவரும் அப்போதுதான் விழும்.

தண்ணீர் வடிந்த பிறகு

உள்ளே நுழைவதற்கு முன் மின்சாரம் அணைந்திருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியை யாரும் தாண்டக்கூடாது. பாம்புகள் அலமாரிக்குள்ளும் சுருட்டிய பாய்க்குள்ளும் ஒதுங்கியிருக்கலாம். கையால் துழாவாமல் கம்பால் விலக்குங்கள், கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இன்றி நேராக அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சேற்றைக் கழுவுவதற்கு முன்பே, சுவரில் தண்ணீர் நின்ற தடம் தெரியும்படி ஒவ்வோர் அறையையும் பொருளையும் படமெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தண்ணீரில் நின்ற வாகனத்தின் சாவியைத் திருப்பாதீர்கள். அதை இழுத்துச் செல்லவே சொல்ல வேண்டும். நனைந்த மின்சாதனங்களை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

சேறு அள்ளும்போது ரப்பர் செருப்பு போதாது, காலணியும் கையுறையும் தேவை. எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகக்கூட எலிக்காய்ச்சலைத் தரும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், வெள்ளநீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

சம்பை முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, சுவர்களைத் தேய்த்துக் கழுவிய பின் புதுத் தண்ணீர் விடுங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் சம்பில் ஊற்றி ஒரு மணி நேரம் விடவேண்டும். அதன் பிறகு தண்ணீரில் குளோரின் வாடை இலேசாக இருக்க வேண்டும். வாடையே இல்லையென்றால் மருந்து போதவில்லை, இன்னொரு முறை அதே அளவு ஊற்றிக் காத்திருங்கள். குடிக்கும் தண்ணீரை மட்டும் அதன் பின்னும் சில வாரங்களுக்குக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.